பாட்டி கண்ட ரேகை

ஆஸ்டின் விக்கின் சிறுவனாக இருந்தபோது, அவருடைய அம்மா அவர் கையை விரித்துப் பார்த்து மூன்று பலன்கள் சொன்னார். இவனுக்கு வாய்ப்பவள் செம்பொன் நிறக் கூந்தல்காரியாக இருப்பாள். நான் கண்ணை மூடிய பிறகு இவனுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள் பிறப்பார்கள். இவன் பெண்கள் ஒன்றுசேர்ந்து இசைக்குழு நடத்தி நாலு பேர் அறியப் பெயர் வாங்குவார்கள். முதல் இரண்டும் அப்படியே பலித்தன. மூன்றாவது தானாகப் பலிக்கட்டும் என்று ஆஸ்டின் உட்கார்ந்திருக்கவில்லை.

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஃப்ரீமாண்ட் என்ற சிற்றூர்தான் அவர்களுடையது. 1960களில் அங்கே ஆயிரம் பேர்கூட இல்லை. ஆஸ்டினுக்குப் பக்கத்து ஊரான எக்ஸிட்டரில் பஞ்சாலை வேலை. அந்த வருமானத்தில் பெண்களுக்கு கிட்டாரும் டிரம்ஸும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கினார். வாத்தியம் கற்க ஏற்பாடு செய்தார். பிறகு அவர்களைப் பள்ளிக்கூடத்திலிருந்தே நிறுத்தி, அஞ்சல்வழிக் கல்வியில் சேர்த்துவிட்டார். காலையில் பயிற்சி, இடையே பாடம், பிற்பகலில் மறுபடியும் பயிற்சி. அப்பா ஆலையிலிருந்து திரும்பியதும் அவர் முன்னால் உட்கார்ந்து இன்னொரு முறை வாசிக்க வேண்டும். படுக்கப் போகும் முன் உடற்பயிற்சி. தோழிகளோடு சுற்றுவதற்கோ வெளியே போய்வருவதற்கோ இடமே இல்லை. ஒரு வாக்கைக் காப்பாற்றப் பிள்ளைகளின் இளமையை முழுதாக அதன் காலடியில் வைக்கும் தகப்பன்களை நமக்கும் தெரியும். ஆஸ்டினின் பிடிவாதத்தில் பாசம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. அதைச் சுமந்தவர்கள் அந்தப் பெண்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண்களில் மூத்தவர் ஹெலன், அவருக்கு டிரம்ஸ். அடுத்தவர் டாரதி, வீட்டில் டாட். லீட் கிட்டாரும் முதல் குரலும் அவருடையவை, பாட்டு எழுதியதும் அவர்தான். பெட்டிக்கு ரிதம் கிட்டாரும் இரண்டாம் குரலும். கடைக்குட்டி ரேச்சல் பின்னால் பேஸ் கிட்டாருடன் வந்து சேர்ந்தார். குழுவுக்கு ‘தி ஷாக்ஸ்’ என்று பெயர் வைத்தவரும் அப்பாதான். அப்போது பரவியிருந்த கலைந்த முடியலங்காரத்தையும், சடைமுடி நாய்களையும் நினைத்து வைத்த பெயர் அது. பெண்களுக்குப் பிடித்தவர்கள் ஹெர்மன்ஸ் ஹெர்மிட்ஸ் போன்ற வானொலிக் குழுக்கள். அவர்களைப் போல வாசிக்க வேண்டும் என்பதுதான் ஆசை. புதுமை செய்யக் கிளம்பியவர்கள் அல்லர்.

1968இல் எக்ஸிட்டரில் நடந்த திறமைப் போட்டி ஒன்றில் முதல்முறை மேடை ஏறினார்கள். கூட்டம் சிரித்தது. சோடா டின்களை மேடை நோக்கி எறிந்தது. பெண்கள் நொந்துபோய் வீடு திரும்பினார்கள். இன்னும் பழக வேண்டும், அவ்வளவுதான் என்றார் அப்பா. அந்த ஆண்டிலிருந்தே ஃப்ரீமாண்ட் ஊர்மன்றத்தில் சனிக்கிழமை இரவு நடனங்களுக்கு இவர்கள்தான் வாசித்தார்கள். வாசலில் டிக்கெட் கிழிப்பதிலிருந்து குளிர்பானம் விற்பது வரை எல்லாமே குடும்ப வேலை. ஊர்ப் பிள்ளைகள் வந்தார்கள், ஆடினார்கள், கேலியும் செய்தார்கள். கேலி செய்தவர்களே அடுத்த சனிக்கிழமையும் வந்தார்கள். 1973 வரை அது நடந்தது.

இதற்கிடையில் 1969 மார்ச் 9. மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனை ஒட்டியுள்ள ரெவியர் நகரின் ஃப்ளீட்வுட் ஸ்டுடியோவுக்கு ஆஸ்டின் மகள்களைக் கூட்டிக்கொண்டு போனார். அணிவகுப்பில் போகும் முரசு-ஊதுகொம்புக் குழுக்களைப் பதிவு செய்வதில் பெயர்பெற்ற இடம் அது. நூறு கால்கள் ஒரே அடியில் விழும் இசைக்குப் பழகிய காதுகள் அங்கே இருந்தவை. பெண்கள் ஒரு பாட்டை வாசித்துக் காட்டியதும், இவர்கள் இன்னும் தயாராகவில்லை, கொஞ்ச காலம் பொறுக்கலாமே என்று ஸ்டுடியோக்காரர்கள் தயங்கினார்கள். சூடாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும் என்று ஆஸ்டின் பதில் சொன்னதாக அங்கிருந்தவர்கள் பின்னால் நினைவுகூர்ந்தார்கள். பணம் அவருடையது, ஆகவே நாடா சுழலத் தொடங்கியது.

அன்று பதிவான பாட்டுகள் பன்னிரண்டு. எல்லாமே டாட் எழுதியவை. ஊர்மன்றத்தில் பிறர் பாட்டுகளையும் வாசித்தவர்கள், இசைத்தட்டில் ஒன்றுகூட இரவல் வாங்கவில்லை. 1969இல் இருபதை ஒட்டிய வயதில் ஒரு பெண் ராக் ஆல்பம் முழுவதற்கும் சொல்லும் மெட்டும் தானே போட்டு, தானே கிட்டாரும் வாசித்தார் என்றால் அது எந்த ஊரிலும் சின்ன விஷயம் அல்ல. இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் இதைக் கடந்து நேராகச் சுருதி பிசகலுக்குப் போய்விடுகிறார்கள்.

பிசகல் இருக்கிறது. கிட்டார்கள் ஒன்றோடொன்று சுருதி சேரவில்லை. டிரம்ஸ் ஒரு பக்கம் தன் நடையில் போகிறது. பாட்டு வேறு நடையில் போகிறது. முதல் முறை கேட்பவர், மூன்று பேரும் மூன்று அறைகளில் இருந்துகொண்டு வாசிக்கிறார்களோ என்றுதான் நினைப்பார். இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்டால் உள்ளே ஓர் ஒழுங்கு புலப்படத் தொடங்குகிறது. டாட்டுக்குச் சொல்தான் முதல். ஒரு வரியில் எத்தனை அசை இருக்கிறதோ அத்தனை சுரம். வரி நீண்டால் மெட்டும் நீளும். குறைந்தால் அங்கேயே நின்றுவிடும். நாலு அடிக்குள் அடக்குவதற்காகச் சொல்லை வெட்டும் வேலையே கிடையாது. லீட் கிட்டார் அந்தக் குரலைச் சுரத்துக்குச் சுரம் நிழலாகத் தொடர்கிறது; பெட்டியின் குரலும் அதே வளைவுகளில் கூடவே வளைகிறது. நம் விருத்தம் பாடும் முறையை அறிந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்: தாளத்துக்குக் கட்டுப்படாமல் சொல்லின் இழுப்பில் ராகம் போகும். விருத்தம் நடக்கையில் மிருதங்கம் ஓய்ந்திருக்கும். இங்கே ஹெலன் ஓயவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அவர் தன் அடியை விடாமல் வைத்துக்கொண்டே இருக்கிறார். எங்கோ ஓரிடத்தில் அந்த அடியும் சொல்லும் தற்செயலாகச் சந்திக்கும்போது கேட்பவருக்கு உண்டாகும் மகிழ்ச்சி, கச்சிதமாக வாசித்த ராக் பாட்டில் எனக்குக் கிடைத்ததில்லை.

ஸ்டுடியோவில் இருந்தவர்கள் சொன்ன இன்னொரு செய்தி உண்டு. பாதிப் பாட்டில் பெண்கள் நிறுத்திவிடுவார்களாம். ஒருத்தி தப்பு விட்டுவிட்டாள், முதலிலிருந்து எடுக்க வேண்டும் என்பார்களாம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு எது தப்பு, எது சரி என்றே புரியவில்லை. இதை வேடிக்கைக் கதையாகச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். எனக்கு இந்த ஆல்பத்தின் திறவுகோலே இதுதான். தப்பு எது என்று தெரிகிறவர்களுக்குச் சரி எது என்றும் தெரியும். தினமும் மூன்று வேளை பயிற்சி செய்த மூன்று பேர், தங்களுக்குள் ஓர் இலக்கணத்தை உண்டாக்கி வைத்திருந்தார்கள். அது வெளியே யாருக்கும் தெரியாத இலக்கணம். பள்ளிக்கூடமும் தோழமையும் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே வளர்ந்ததன் விளைவு அது. அடைத்து வைத்ததுதான் கலையை உண்டாக்கியது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அடைபட்ட இடத்திலும் அவர்கள் தங்களுக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள்.

பாட்டுகளின் பொருளும் அந்த வீட்டின் ஜன்னலிலிருந்து பார்த்த உலகம்தான். ‘மை பேல் ஃபுட் ஃபுட்’ டாட் வளர்த்த பூனையைப் பற்றியது. அது வீடு தங்காமல் எங்கோ திரிகிறது. பாட்டு முழுக்க அதைத் தேடிப் போவதுதான் கதை. ஊர் சுற்ற அனுமதியில்லாத ஒரு பெண், ஊர் சுற்றும் பூனையைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு பாட்டு ஹாலோவீன் இரவைக் கொண்டாடுகிறது. இன்னொன்று இறைவனைப் பற்றியது. ஆல்பத்துக்குத் தன் பெயரைத் தந்த ‘ஃபிலாசபி ஆஃப் த வேர்ல்ட்’ என்ற முதல் பாட்டு, எல்லோரும் அடுத்தவரிடம் இருப்பதற்கே ஏங்குகிறார்கள், எவரையும் திருப்திப்படுத்த முடியாது என்று சொல்கிறது. சோடா டின் எறி வாங்கிய பிறகும், மேடையில் ஒரு கூட்டத்தையும் வீட்டில் ஓர் அப்பாவையும் திருப்திப்படுத்த முயன்றுகொண்டிருந்தவர் எழுதிய பாட்டு இது என்ற நினைவோடு கேட்டால் அதன் எடை கூடும்.

என்னை அதிகம் உலுக்குவது ‘ஹூ ஆர் பேரண்ட்ஸ்?’. பெற்றோர் கொடுமைக்காரர்கள் என்று சில பிள்ளைகள் நினைக்கிறார்கள், ஆனால் நம்மிடம் உண்மையான அக்கறை கொண்டவர்கள் அவர்கள்தான் என்று அந்தப் பாட்டு வாதாடுகிறது. அப்பாவை மகிழ்விக்க எழுதியதா, தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ள எழுதியதா, மனதார நம்பி எழுதியதா? மூன்றும் சேர்ந்துதான் இருக்க வேண்டும் என்று எனக்குப் படுகிறது. குரலில் கசப்பே இல்லை. அந்தக் கசப்பின்மைதான் தாங்க முடியாததாக இருக்கிறது.

அட்டையில் பச்சைத் திரைக்கு முன்னால் ஒரே மாதிரி உடுப்பில் மூவரும் நிற்கிறார்கள். வெளியுலகத் தாக்கம் படாத, கலப்பில்லாத இசை இது என்று பின்னட்டைக் குறிப்பில் பெருமைப்பட்டிருந்தார் அப்பா. தேர்ட் வேர்ல்ட் என்ற லேபிள் பெயரில் தட்டு வெளிவந்தது. அச்சடித்தவை ஆயிரம், அதில் தொள்ளாயிரம் காணாமல் போய்விட்டன, கைக்கு வந்தது நூறுதான் என்பது பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டுவந்த கதை. எப்படியோ, விற்பனை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. பெரிய நிறுவனம் எதுவும் கதவைத் தட்டவில்லை. சொந்தப் பணம், சொந்தப் பாட்டு, தெரிந்த இடத்தில் அச்சு என்ற அந்த வழிக்கு ‘இண்டி’ என்ற பெயர் புழக்கத்துக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன.

1975இல் ஆஸ்டின் மாரடைப்பால் இறந்தார். வயது 47. அதோடு குழு நின்றுபோனது. பெண்கள் வாத்தியங்களை இறக்கி வைத்துவிட்டு, திருமணம், வேலை, பிள்ளைகள் என்று தங்கள் வாழ்க்கையைப் பார்க்கப் போனார்கள். பாட்டியின் மூன்றாவது பலனைச் சுமந்து நடந்தவர் போன பிறகு, அதைத் தொடர யாருக்கும் மனமில்லை.

ஆனால் தப்பிப் பிழைத்த சில தட்டுகள் கைமாறிக்கொண்டிருந்தன. என்.ஆர்.பி.க்யூ. என்ற அமெரிக்க ராக் குழுவின் பியானோ கலைஞர் டெர்ரி ஆடம்ஸும் டிரம்மர் டாம் ஆர்டோலினோவும் அதில் மனதைப் பறிகொடுத்து, சகோதரிகளைத் தேடிப் பிடித்து, 1980இல் ரவுண்டர் நிறுவனத்தின் மூலம் ஆல்பத்தை மறுபடியும் வெளியிடச் செய்தார்கள். லெஸ்டர் பேங்ஸ் போன்ற விமர்சகர்கள் உருகி எழுதினார்கள். நிர்வானா குழுவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த ஆல்பங்களின் பட்டியலில் இதை எழுதி வைத்தார். சகோதரிகள் திகைத்தார்கள். தாங்களே கேட்கக் கூச்சப்பட்ட தட்டை இவர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. அந்தத் திகைப்பை நான் மதிக்கிறேன். மோசமான இசையின் உச்சம் என்று ரசித்தவர்களும் புகழ்ந்தவர்களின் கூட்டத்தில் இருந்தார்கள். மேடையில் டின் எறிந்த கூட்டத்துக்கும் அவர்களுக்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

வேறு விதமாகக் கேட்டவர்கள் இசைக்கலைஞர்கள்தான். 2013இல் டாட், ஜெஸ்ஸி கிராக்கோ என்ற இசைக்கலைஞர் திரட்டிய குழுவோடு சேர்ந்து புதிய ஆல்பம் ஒன்றைத் தந்தார். ஹெலன் 2006இல் காலமாகியிருந்தார்; 2017இல் மாசசூசெட்ஸில் நடந்த சாலிட் சவுண்ட் விழாவில் டாட்டும் பெட்டியும் கிராக்கோவின் குழு துணைக்கு வாசிக்க, பழைய பாட்டுகளைப் பாடினார்கள். தேர்ந்த கைகள் அங்கே இருந்தன. ஆனாலும் 1969இன் அந்தச் சேராத கிட்டார்களையும் தனியாக நடக்கும் டிரம்ஸையும் யாரும் சீர்படுத்தவில்லை. தட்டில் எப்படி விழுந்திருந்ததோ அப்படியே பாடமாகப் படித்து வாசித்தார்கள். அதற்கு அவர்கள் நெடுநேரம் பழக வேண்டியிருந்தது.