லீஃப் ஸ்பிரிங்: மிகுசுமைக்கு வலுவூட்டல்

லீஃப் ஸ்பிரிங் என்பது, வளைத்துப் பதப்படுத்திய எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சரக்கு வாகனத்தின் அச்சுக்கும் சட்டத்துக்கும் இடையே பொருத்தும் வில். சென்டர் போல்ட் அடுக்கைக் கோத்துப் பிடிக்கிறது. யு-போல்ட்டுகள் அதை அச்சோடு இறுக்குகின்றன. மெயின் பட்டையின் ஒரு முனை சட்டத்தில் நிலையாகவும், மறுமுனை வில் நீள இடம்தரும் ஷேக்கிளிலும் மாட்டப்படும்.

இங்கிலாந்தின் ஒபதையா எலியட் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குதிரை வண்டிகளுக்கான நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். 2005இல் வந்த டாட்டா ஏஸின் பின் அச்சிலும் இருப்பது அரைநீள்வட்ட வில்லே.

ஒரே தடிமனுள்ள பட்டைகளைக் கூட்டினால் வில்லின் விறைப்பு அதே விகிதத்தில் உயரும். தடிமனை இருமடங்காக்கினால் எட்டு மடங்காகும். ஆகவே தடித்த பட்டையைச் செருகுவதைவிட, சுமை ஏறிய பின்னரே தொட்டு வேலைசெய்யும் ஹெல்பர் பட்டை மேலானது. வெற்று வண்டி துள்ளாது. அடுக்கு உயர்ந்தால் நீளமான புதிய யு-போல்ட் வேண்டும். பழையதை மீண்டும் முறுக்கினால் மரை நழுவக்கூடும். சென்டர் போல்ட் அருகே பட்டையின் குறுக்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அதை விரிசலாகவே கருதிக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

வில் விறைத்தாலும் அச்சு, பேரிங், டயர், பிரேக் ஆகியவற்றின் தாங்குதிறன் கூடுவதில்லை. இந்தியாவில், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 113ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் குறித்த மொத்த எடையைத் தாண்டி வாகனத்தை ஓட்டக்கூடாது.