கூஃபாவின் தெருக்கள்

ஹிஜ்ரி 17-இல் (கி.பி. 638) ஈராக்கில் படைவீடாகத் தோன்றிய ஊர் கூஃபா. அதன் நாணற் குடிசைகள் அதே ஆண்டில் தீக்கிரையாயின. செங்கல்லால் வீடு கட்ட மக்கள் அனுமதி வேண்டினர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இசைந்தார்கள். ஆனால் ஒருவருக்கு மூன்று அறைகளுக்கு மேல் ஆகாது, உயரத்தில் போட்டி கூடாது என்றார்கள். பெருந்தெரு 40 முழம், அடுத்தது 30, அதற்கடுத்தது 20, சந்து 7 முழம் என்று விதித்ததாகத் தபரீ எழுதுகிறார். வீடு எழுந்தபின் தெருவை அளக்கும் ஊர்களைக் கண்டு பழகிய நமக்கு இது வியப்பே!

சந்தைக்கு வேறு விதி. அங்கே கட்டடம் கிடையாது. பள்ளிவாசலில் இடம் பிடிப்பதுபோல, முதலில் வந்தவர் எழுந்து செல்லும்வரை அவ்விடம் அவருக்குரியது.

ஆளுநர் ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் மாளிகை அச்சந்தையை அடுத்திருந்தது. இரைச்சல் பொறாது கதவு வைத்தார்கள். குடிமக்களை அது தடுப்பதாக மதீனாவுக்குச் செய்தி எட்டியது. காதிஸிய்யாவை வென்ற தளபதியாயிற்றே என்று கலீஃபா தயங்கவில்லை. அவர்கள் அனுப்பிய முஹம்மது பின் மஸ்லமா (ரலி) கூஃபாவில் விறகு வாங்கி, அக்கதவை எரித்தார்கள். ஸஅத் அளிக்க முன்வந்த வழிச்செலவையும் ஏற்காமல் திரும்பினார்கள்.