திருச்சானூர்ப் பஞ்சமியும் நாட்கணிப்பு நிரல்களும்

திருப்பதியை அடுத்த திருச்சானூரில் பத்மாவதித் தாயாருக்கு ஆண்டுதோறும் நிகழும் கார்த்திகைப் பிரம்மோற்சவம், ஒன்பதாம் நாளாகிய பஞ்சமி தீர்த்தத்தோடு நிறைவுறும். பத்மசரோவரத்துத் தாமரையில் தாயார் தோன்றியது கார்த்திகை மாத வளர்பிறைப் பஞ்சமியில் என்பது தலவரலாறு. அந்நாளே தீர்த்தவாரி நாள். இந்நாள் 2021-இல் டிசம்பர் 8, 2022-இல் நவம்பர் 28, 2023-இல் நவம்பர் 18, 2024-இல் டிசம்பர் 6, 2025-இல் நவம்பர் 25 ஆகிய தேதிகளில் அமைந்தது.

இத்தேதிகளைத் தெலுங்கு நாட்டில் வழங்கும் சாந்திரமானப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு முரண் வெளிப்படும். அமாவாசையை அடுத்துத் தொடங்கும் சாந்திரமான கார்த்திகத்தின் வளர்பிறைப் பஞ்சமி 2024-இல் நவம்பர் 6 அன்றே கழிந்துவிட்டது. திருச்சானூர் விழாவோ அதற்கு ஒரு மாதம் பிந்தி, சாந்திரமான மார்கசிரத்தில் நிகழ்ந்தது. மேற்குறித்த ஐந்தாண்டுகளுள் நான்கில் நிலை இதுவே. 2023 ஒன்றில் மட்டும் பஞ்சமி தீர்த்தமும் சாந்திரமான கார்த்திகமும் ஒன்றுபட்டன. இது பிழையன்று. இங்குப் பஞ்சமி திங்களின் கணக்கு. கார்த்திகையோ ஞாயிற்றின் கணக்கு. ஞாயிறு விருச்சிக ராசியில் நிற்கும் தமிழ்க் கார்த்திகைக்குள் வரும் வளர்பிறைப் பஞ்சமியே தாயாரின் நாள். தெலுங்கு வழங்கும் நிலத்தின் நடுவே, தமிழர் சௌரமானம் இவ்விழாவைத் தாங்கி நிற்கிறது.

2023-ஆம் ஆண்டு இதனினும் நுட்பமானது. அவ்வாண்டு கார்த்திகை நவம்பர் 17-இல் பிறந்தது. பஞ்சமி மறுநாளே வந்தது. அடுத்த வளர்பிறைப் பஞ்சமி டிசம்பர் 17-இல் வந்தபோது மார்கழி தொடங்கிவிட்டிருந்தது. மாதப்பிறப்பைக் கணிப்பதில் இரண்டு நாள் பிசகியிருந்தால் விழாவின் இடமே மாறியிருக்கும். கைப்பேசியும் கணிப்பொறியும் காட்டும் நாள்காட்டிகளின் அடியில் இயங்கும் கட்டற்ற மென்பொருள் நிரல் நூலகங்கள் இத்தகைய நாளை எவ்வாறு கையாள்கின்றன என்னும் வினா இதனால் எழுகிறது. அவ்வினா கணிப்பொறியோடு தோன்றியதன்று.

கல்வெட்டுகளில் நாட்குறிப்பு

திருச்சானூரின் தொன்மையான கல்வெட்டுகளுள் ஒன்று பல்லவன் தந்திவர்மன் காலத்தது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அதனை ஆட்சியாண்டு கொண்டே அறிகிறோம். ஆட்சியாண்டு மட்டும் தரப்பட்ட கல்வெட்டை நாளளவில் கணிக்க வழியில்லை. விசயநகரக் காலத்துத் திருமலை, திருப்பதிக் கல்வெட்டுகள் இதற்கு முற்றும் மாறானவை. சகாப்த ஆண்டு, ஆண்டின் பெயர், 'நாயற்று' என முடியும் ஞாயிற்று மாதம், பக்கம், திதி, கிழமை, நாண்மீன் என ஒரே நாளை ஆறேழு வகையால் அவை கட்டிவைக்கின்றன. ஞாயிற்று மாதத்துக்குள் திங்களின் திதியை வைக்கும் இவ்வமைப்பும் பஞ்சமி தீர்த்தத்தின் அமைப்பும் ஒன்றே என்பது கருதத்தக்கது. விழாவின் விதியும் சாசனத்தின் நடையும் ஒரே காலக்கணக்கு மரபில் வந்தவை.

இங்ஙனம் பலபடக் கூறுவதை வெறும் மரபாகக் கொள்ளலாகாது. திதியும் மாதமும் கொண்டு ஒரு நாளைக் கணித்தபின், கிழமை பொருந்துகிறதா எனப் பார்த்தால் கணிப்பின் சரிபிழை தெரிந்துவிடும். இன்றைய நிரலாளர் தரவின் ஈற்றில் ஒரு சரிபார்ப்பு எண்ணைச் சேர்ப்பது போன்றதே இது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1931 முதல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகள் இத்தகைய நாட்குறிப்புகளை ஆய்வாளர் கையில் மொத்தமாகக் கொடுத்தன.

சோழியும் அட்டவணையும்

இக்கணிப்பு முறையை முதலில் ஐரோப்பிய மொழியில் விரிவாக எழுதியவருள் ஜான் வாரன் குறிப்பிடத்தக்கவர். சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய அவர், 1825-இல் 'காலசங்கலிதம்' என்னும் நூலைச் சென்னையில் வெளியிட்டார். 'சாமி நாடன் சாஷியா' என அவர் எழுதிவைத்த புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளின் துணையால் 1825 மே 31, ஜூன் 1-க்குரிய சந்திரகிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் என்னும் அளவிலேயே பிழை இருந்தது. ஆட்டோ நொய்கபவர் 1952-இல் எழுதிய 'தமிழர் வானியல்' பற்றிய கட்டுரையால் இந்நிகழ்ச்சி அறிவியல் வரலாற்றாசிரியர் கவனத்துக்கு வந்தது.

அக்கணிதர் கைக்கொண்டது வாக்கிய முறை. திங்களின் இயக்கத்தை 248 நாளுக்கு 248 வாக்கியங்களாக்கி, எழுத்தையே எண்ணாகக் கொள்ளும் கடபயாதி முறையில் அமைத்து மனத்தில் நிறுத்தினர். ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து கணிப்பதை விட்டு, ஆயத்தமான அட்டவணையிலிருந்து எடுத்தாளும் உத்தி இது. ஆயினும் இம்முறையைக் கற்றவரன்றிப் பிறர் சோதித்தல் அரிது. அச்சிட்ட பஞ்சாங்கமும் விடையைத் தருமேயன்றி வழியைத் தராது.

அந்த வழியைத் திறந்து வைத்தவர் எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை (1865-1925). இராபர்ட் சூவெல், சங்கர பாலகிருஷ்ண தீட்சிதர் இருவரும் 1896-இல் வெளியிட்ட 'இந்திய நாள்காட்டி' அவருக்கு முன்னோடி. சாமிக்கண்ணுப் பிள்ளையின் 'இந்தியக் காலக்கணிதம்' 1911-இல் வந்தது. கி.பி. 700 முதல் 1799 வரை நாள்தோறும் திதியும் நாண்மீனும் முடியும் நேரத்தைப் பகலிரவின் தசமப் பின்னத்தில் தரும் பெருநூல் 1922-இல் வெளியாயிற்று. விதி, அட்டவணை, செய்து காட்டிய கணக்கு ஆகிய மூன்றையும் அவர் வெளியிட்டமையால், அவர் முடிவை மறுப்பவரும் அவர் கருவியைக் கொண்டே மறுக்க முடிந்தது. பரிபாடல் 11-ஆம் பாடலின் கோள்நிலையைக் கணித்து கி.பி. 634 ஜூன் 17 என அவர் முடிவு கூறினார். சங்க இலக்கியக் காலத்தையே பின்தள்ளும் அம்முடிவை ஏற்றாரும் உளர்; மறுத்தார் பலர். விவாதம் உணர்ச்சியளவில் நில்லாது கணக்கின் அடியில் நிகழ்ந்ததே அந்நூலின் பயன் எனலாம்.

1957-க்குப் பின்

மேகநாத சாகா தலைமையில் 1952-இல் அமைந்த நாள்காட்டிச் சீர்திருத்தக் குழு நாட்டில் வழங்கிய முப்பது அளவிலான நாள்காட்டிகளைத் திரட்டி ஆராய்ந்து, 1955-இல் அறிக்கை தந்தது. அதன் பயனாக 1957 மார்ச் 22 முதல் தேசிய நாள்காட்டி நடைமுறைக்கு வந்தது. அதன் மாதங்கள் ஞாயிற்றின் வழிப்பட்டவையே. ஆனால் ராசிப் பெயர்ச்சியோடு தொடர்பற்றவை, நாளெண்ணிக்கை நிலையானவை. நிரலாக்கத்துக்கு இதனினும் எளியது வேறில்லை. மக்கள் வாழ்விலோ அரசிதழுக்கும் வானொலி அறிவிப்புக்கும் அப்பால் அது செல்லவில்லை.

சங்கராந்தி எப்பொழுது நேர்ந்தால் மாதத்தின் முதல் நாள் எது என்பதிலும் வட்டார வேறுபாடு உண்டு. தமிழர் வழக்கில் ஞாயிறு மறைவதற்குள் சங்கராந்தி நேர்ந்தால் அன்றே மாதப்பிறப்பு, பின்னெனில் மறுநாள். மலையாள வழக்கில் எல்லை பகற்பொழுதின் ஐந்தில் மூன்று பங்கு; வங்க வழக்கில் நள்ளிரவை ஒட்டியது; ஒரிசா வழக்கில் எப்பொழுதாயினும் அன்றே.

நிரல்களின் வரவு

எட்வர்டு ரெயின்கோல்டு, நாகும் தெர்ஷோவிட்சு இருவரும் 1990-இல் தொடங்கிய ஆய்வு 1997-இல் 'நாள்காட்டிக் கணிப்புகள்' என்னும் நூலாயிற்று. எல்லா நாள்காட்டிகளையும் ஒரு பொது நாளெண்ணுக்கு மாற்றி, அதிலிருந்து வேண்டிய நாள்காட்டிக்குச் செல்வது அவர்கள் வழி. நம் கணிதரின் கலியுக நாளெண்ணை, அகர்கணத்தை, அறிந்தார்க்கு இது புதிதன்று. இந்நூல் இந்திய மாதப்பிறப்பு விதிகளை விளக்குகிறது. எனினும் அடிப்படைக் கணிப்பு உஞ்சயினியை இடமாகக் கொள்கிறது. உஞ்சயினிக்கும் திருச்சானூருக்கும் தீர்க்கரேகையால் மட்டும் ஏறத்தாழ 15 நிமிட வேறுபாடு. சூரிய உதயத்தில் நிற்கும் திதியே அந்நாளின் திதியாதலால், எல்லையில் முடியும் திதிக்கு இந்த 15 நிமிடம் ஒரு நாளையே மாற்றும். ரெயின்கோல்டு ஈமாக்ஸ் எனும் கட்டற்ற மென்பொருளுக்கு எழுதிய நாள்காட்டிப் பகுதியில் மாயர் நாள்காட்டியும் பிரெஞ்சுப் புரட்சி நாள்காட்டியும் உண்டு. இந்திய நாள்காட்டி ஒன்றும் இல்லை.

ஐ.பி.எம். 1999-இல் திறந்த மூலமாக்கிய ஐ.சி.யு. நிரல் நூலகம் உலகின் பெரும்பாலான கருவிகளில் இயங்குவது. அதில் 'இந்திய நாள்காட்டி' எனும் பெயரில் இருப்பது 1957-இன் தேசிய நாள்காட்டியே. அதன் கார்த்திகம் அக்டோபர் 23 முதல் நவம்பர் 21 வரை. முன் கூறிய ஐந்து பஞ்சமிகளுள் 2023-இன் நாள் ஒன்றே அதற்குள் அடங்கும். நிகழ்ச்சிகளைக் கருவிகளிடையே பரிமாறுவதற்கான ஐகேலண்டர் தரம் 1998-இல் வகுக்கப்பட்டு 2009-இல் திருத்தப்பட்டது. 'நவம்பரின் நான்காம் வியாழன்' போன்ற விதியை அத்தரம் ஒரே வரியில் கூறும். 2015-இல் வந்த விரிவு சீன, எபிரேய நாள்காட்டிகளுக்கும் வழி திறந்தது. தமிழ்ச் சௌரமானத்துக்கோ திதிக்கோ அதில் இடமில்லை. ஆதலின் பஞ்சமி தீர்த்தத்தை அத்தரத்தில் விதியாக எழுத முடியாது. ஆண்டுக்கொரு தேதியாகப் பட்டியலிடவே முடியும். பட்டியல் தீர்ந்ததும் விழாவும் நாள்காட்டியினின்று மறைந்துவிடும்.

இக்குறையை நிரப்பியவை வேறு வழியில் வந்தன. மிச்சியோ யானோ, புஷிமி இருவரும் சூரியசித்தாந்த அடிப்படையில் எழுதிய பஞ்சாங்க நிரல் கல்வெட்டாய்வாளர்க்குப் பயன்பட்டது. 1997-இல் வெளிவந்த சுவிஸ் எஃபெமெரிஸ், கோள்நிலைகளை நுட்பமாகத் தருவதோடு மூலநிரலையும் திறந்து வைத்தது. அதன்மேல் பைத்தான் மொழியில் எழுந்த கட்டற்ற பஞ்சாங்க நூலகங்களுள் 'ஜ்யோதிஷ' சிறப்பாகக் குறிக்கத்தக்கது. விழா விதிகளை நிரலுக்குள் புதைக்காமல் தனிக் கோப்புகளாக வைப்பது அதன் அமைப்பு. மாதம் ஞாயிற்றினதா திங்களினதா, எத்தனையாவது மாதம், திதியா நாண்மீனா, எப்பொழுதில் அது நிற்கவேண்டும் என்பன மட்டுமே கோப்பில் இருக்கும். நிரலறியாத பஞ்சாங்க அறிஞரும் அதனைப் படித்துப் பிழை கூறலாம். சாமிக்கண்ணுப் பிள்ளை அச்சில் செய்ததன் தொடர்ச்சி இதுவே.

திருமலைப் பிரம்மோற்சவத்துக்கும் இத்தகைய இரட்டை விதி வேண்டும். ஆண்டுப் பிரம்மோற்சவத்தின் நிறைவு சௌரமானப் புரட்டாசியின் திருவோணத்தைச் சார்ந்தது. நவராத்திரி பிரம்மோற்சவம் சாந்திரமான ஆசுவயுசத்தைச் சார்ந்தது. பெரும்பாலான ஆண்டுகளில் இரண்டும் ஒன்றுபடுவதால் விழா ஒன்றே. அதிக மாதம் வந்த 2020-இல் ஆண்டு விழா செப்டம்பர் 27-இலும் நவராத்திரி விழா அக்டோபர் 24-இலும் நிறைவுற்றன. 2023-இல் செப்டம்பர் 26-இலும் அக்டோபர் 23-இலும். ஒரே விதியை மட்டும் எழுதிய நிரல் மற்ற ஆண்டுகளில் சரியாகவே விடை தந்து, இந்த ஆண்டுகளில் ஒரு விழாவை விட்டுவிடும்.