தொப்பி எங்கே போயிற்று?

என் அத்திம்பேர் 1960களில் டெல்லி கரோல் பாக் வீட்டில் தம் கையாலேயே கட்டிய வால்வு ப்ரீஆம்ப்ளிஃபயர் இப்போது என்னிடம் இருக்கிறது. சென்ற வருஷம் அதில் ஒரு எல்.பி. தட்டைப் போட்டேன். பாட்டு வந்தது, மிருதங்கத்தின் தொப்பி மட்டும் காணவில்லை. வால்வுதான் தேய்ந்துவிட்டது என்று புது ஈ.சி.சி.83 வாங்கிப் போட்டேன். தண்டச் செலவு!

இசைத்தட்டில் பாட்டை அப்படியே பதிவதில்லை. தாழ்ந்த ஒலியை முழுதாக வெட்டினால் ஒரு வரிப்பள்ளம் அடுத்ததில் போய் முட்டும். ஆகவே அதைக் குறைப்பார்கள். ஊசியின் இரைச்சல் அமுங்கட்டும் என்று உச்ச ஒலியை ஏற்றுவார்கள். கேட்கும்போது ப்ரீஆம்ப் இரண்டையும் நேர் செய்ய வேண்டும். 1948ல் கொலம்பியாவின் எல்.பி. வந்தபின்னும் இதில் கம்பெனிக்கு ஒரு கணக்குதான். 1954ல் அமெரிக்காவின் ஆர்.ஐ.ஏ.ஏ. சங்கம் பொது அளவு வகுத்தது: 3180, 318, 75 மைக்ரோ செகண்டுகள். ரெசிஸ்டர், கண்டென்சர் மதிப்புகளிலிருந்தே இக்காலங்கள் பிறக்கின்றன.

பெட்டியின் மூடிக்குள் அத்திம்பேர் பென்சிலில் வரைந்த சர்க்யூட் ஒட்டியிருந்தது. ஒப்பிட்டால், எப்போதோ ரிப்பேர் செய்த யாரோ ஒரு கண்டென்சரைப் பத்தில் ஒரு பங்கு மதிப்பில் மாற்றியிருக்கிறார். (பிளக்கைப் பிடுங்கிய பிறகும் இருநூறு வோல்ட்டுக்கு மேல் உள்ளே தங்கியிருக்கும், வடித்துவிட்டே கை வைக்கவும்.)

பென்சில் மதிப்பையே போட்டேன். தொப்பி பேசியது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தட்டைத் துடைத்துக் கையில் கொடுத்தாள்.