மொஸ்கி ஸ்ட்ராட்டில் வாழ்ந்த சபராளி

கடல் கடந்து பொருளீட்டச் செல்பவரைச் 'சபராளி' என்றழைப்பது நம் கடலோர ஊர்களின் வழக்கம். இன்று அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் குடியேறிவிட்ட நம் குடும்பங்கள் சிலவற்றில், பினாங்குக்கோ ரங்கூனுக்கோ சென்ற பாட்டனாரின் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அவர் எந்தத் தெருவில் தங்கினார், போர்க்காலத்தில் எவ்வாறு உயிர் பிழைத்தார் என்று கேட்டால் விடை கூற ஆளில்லை. அவர் அரபுத்தமிழில் எழுதிய கடிதங்களும் பெட்டியோடு செல்லரித்துப் போயின.

அந்த வாழ்வை நாவலாக எழுதி வைத்தவர் ப. சிங்காரம். அவர் முஸ்லிம் அல்லர். எனினும் அவர் எழுதியது நம் பாட்டனார்களும் கண்ட உலகமே.

1920இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம், 1938இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குச் சென்றார். அங்கே தமிழர் கடைகள் இருந்த வீதியின் பெயர் மொஸ்கி ஸ்ட்ராட். டச்சு மொழியில் அதற்குப் 'பள்ளிவாசல் தெரு' என்று பொருள். வட்டித் தொழில் நமக்கு விலக்கப்பட்டது என்பது வேறு செய்தி. ஆயினும் பெட்டியடிப் பையன்களும் அடுத்தாட்களும் ஊர் நினைவோடு கழித்த இரவுகள் எல்லாச் சபராளிகளுக்கும் பொதுவானவை. மனைவியையும் குழந்தையையும் பிரசவத்தில் இழந்த துயரும் அவருக்கு அந்நாட்டிலேயே நேர்ந்தது.

1942இல் ஜப்பானியர் வந்தனர். 1945 ஆகஸ்டில் அவர்கள் சரணடைந்ததும், டச்சுக்காரரை எதிர்த்து இந்தோனேசியர் விடுதலைப் போரைத் தொடங்கினர். இவற்றைக் கண்ணால் கண்ட சிங்காரம் 1946இல் தாயகம் திரும்பி, மதுரையில் 'தினத்தந்தி' நாளிதழில் பணியில் அமர்ந்தார்.

'கடலுக்கு அப்பால்' 1950இல் எழுதப்பட்டு, கலைமகள் போட்டியில் பரிசு பெற்று, 1959இல் வெளிவந்தது. அடுத்த நாவலான 'புயலிலே ஒரு தோணி' 1962இல் எழுதப்பட்டும், நூலாவதற்கு 1972 வரை காத்திருக்க நேர்ந்தது. தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்றாக இன்று மதிக்கப்படும் படைப்புக்குப் பத்தாண்டுகள் பதிப்பாளர் வாய்க்கவில்லை! அதன் பின் அவர் நாவலே எழுதவில்லை. அந்தப் புறக்கணிப்பில் தமிழ் வாசகருக்கு நேர்ந்த இழப்பே பெரிதென்று கருதுகிறேன்.

அந்நாவலின் நாயகன் பாண்டியன் மேடானிலிருந்து தோணியேறிப் பினாங்குக்குச் செல்கிறான். இடைவழியில் புயல் தாக்குகிறது. பின்னர் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான். மலாய்ச் சொற்களும் டச்சுப் பெயர்களும் மதுரை வீதிகளின் நினைவும் ஒரே பத்தியில் கலந்து வருகின்றன. சூலியா தெருவையும் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலையும் பெரியோர் வாயிலாகக் கேட்டறிந்த வீடுகளுக்கு அந்தக் கலப்புமொழி அந்நியமாக இராது. ஊர் திரும்ப ஏங்கிய பாண்டியன் இந்தோனேசிய மண்ணிலேயே மடிகிறான்.

அவனைப் படைத்தவரோ ஊர் திரும்பியும் வீடொன்று அமைத்துக்கொள்ளவில்லை. மறுமணம் செய்யாமல், மதுரையில் விடுதி அறையொன்றில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தனித்து வாழ்ந்தார். தம் சேமிப்பை ஏழை மாணவரின் கல்விக்கு அளித்துவிட்டு, 1997 டிசம்பர் 30 அன்று மறைந்தார்.