ரத்தமும் பாலாறும்: 1996இன் இரு தீர்ப்புகள்

'ரத்தம் கம்மியா இருக்கு, ஒரு பாட்டில் ஏத்திட்டா தெம்பு வந்துரும்.' ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இன்றும் புழங்கும் இச்சொல்லாடலில் ரத்தம் ஒரு டானிக். அது இன்னொரு உடலிலிருந்து வந்தது என்பது இதில் அழிக்கப்பட்டுவிடுகிறது.

அந்த இன்னொரு உடல் யாருடையது என்ற பதற்றம் தொடங்கியது வேலூரில் எனலாம். 1986இல் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் பாலியல் தொழிலாளிகளிடம் சேகரித்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது சி.எம்.சி. ஆய்வகத்தில் தெரியவந்தது. இந்தியாவில் அதுவே முதல் முறை. பழி அந்தப் பெண்கள்மீது உடனே விழுந்தது. பசிக்கு ரத்தம் விற்றவர்களைப் பற்றியும் அதை வாங்கி விற்ற வங்கிகளைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் பேசப் பத்தாண்டு ஆயிற்று. 'காமன் காஸ்' வழக்கில் 1996 ஜனவரி 4 அன்று, ரத்த வங்கிகளெல்லாம் உரிமம் பெறவேண்டும், காசுக்கு ரத்தம் தருவது இரண்டாண்டுக்குள் ஒழியவேண்டும் என்றது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 28இல் வந்தது வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் தீர்ப்பு. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர், கழிவு பாலாற்றுக்கு. ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நீதிபதி குல்தீப் சிங் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நாட்டின் சட்டத்தில் ஒரு பகுதி என்றார். கெடுதல் வரும் என்று ஊர்க்காரன் நிரூபிக்க வேண்டாம். வராது என்று முதலாளிதான் நிரூபிக்கவேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்துப் படிக்கலாம். ரத்தத் தீர்ப்பு பெரிதும் வங்கியின் வாசலோடு நின்றுவிடுகிறது. பாட்டிலுக்குச் சீட்டு எழுதும் கைக்கு அந்த நிரூபிக்கும் பாரத்தை மாற்றினால்? ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனால் ஏற்று என்பது 1942இலிருந்து மருத்துவர்கள் ஓதிவந்த வாய்ப்பாடு. 1999இல் வெளியான கனடா ஆய்வில் தீவிர சிகிச்சை நோயாளிகள் 838 பேர். ஒரு பாதிக்கு 7க்குக் கீழே போகும்வரை பொறுத்தார்கள்; மறுபாதிக்குப் பழைய வாய்ப்பாடு. 30 நாளில் இறந்தவர்கள், பொறுத்த பக்கம் 18.7 சதவீதம், தாராளமாக ஏற்றிய பக்கம் 23.3. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பொறுத்ததால் கெட்டுப்போகவில்லை. (பிரசவத்தில் ரத்தம் கொட்டும்போது இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கே தாமதம்தான் கொல்லும்.)

நம் பக்கத்துக் கணக்கு வேறு. 2018 டிசம்பர், சாத்தூர். ரத்தசோகை என்று அரசு மருத்துவமனையில் ஏற்றிய ரத்தத்தால் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. வந்தது. பேச்செல்லாம் பரிசோதனையில் கோட்டைவிட்டதைப் பற்றியே. அந்தப் பாட்டில் அவருக்கு வேணுமா, இரும்புச்சத்து போதாதா என்பது யார் காதிலும் பெரிதாக விழவில்லை. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தொற்று இருப்பது 2016லேயே ஒரு முகாமில் தெரிந்திருந்தது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் தெரிந்ததும் அவரே ஓடிவந்து சொன்னார். அதற்குள் பாட்டிலை ஏத்தியாகிவிட்டது.