இமைப்பொழுது

எழுத்தின் ஓசைக்கு அளவு சொல்ல வந்த தொல்காப்பியர் நாழிகை வட்டிலைத் தேடிப் போகவில்லை. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்றார். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. உடன்குடிப் பனையேறிக்கும் கண் உண்டு, மதுரைப் புலவருக்கும் உண்டு. இதைவிட மலிவான கடிகாரம் ஏது?

ஆனால், இந்தக் கடிகாரத்தை நம்பலாமா? எங்கள் உடன்குடிப் பக்கம் ஆடிக் காற்றில் தேரியின் செம்மணல் பறக்கும்போது, தெருவில் போகிறவர்கள் கண்ணைக் கொட்டிக் கொட்டித்தான் நடப்பார்கள். அந்த இமைப்பைக் கொண்டு வெண்பாவை அளந்தால் என்ன ஆகும்! 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவருக்கும் இப்படி ஒரு சந்தேகம் எழுந்திருக்க வேண்டும். இயல்பாக இருக்கும் மனிதரின் இமைப்பு என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்.

கை நொடிப்பை நம் முன்னோர் நுணுகிப் பார்த்திருக்கிறார்கள். நொடிக்க நினைத்ததும் கால் மாத்திரை கழிந்துவிடுகிறது, விரல்மேல் விரலை வைத்ததும் அரை, திருகியதும் முக்கால், ஓசை பிறந்தால்தான் ஒன்று. இமையை அப்படிப் பகுப்பது எளிதல்ல. தன் இமை விழுவதைத் தானே பார்க்க யாரால் முடியும்?

அதற்குப் புகைப்படம் வர வேண்டியிருந்தது. 1898-இல் கார்ட்டன் என்ற ஜெர்மானிய உடலியல் அறிஞர் இமையின் ஓட்டத்தைப் படம் பிடித்துக் கணக்கிட்டார். பிற்காலத்தில், மெல்லிய கம்பிச் சுருளை மேலிமையில் ஒட்டி, ஆளைக் காந்தப் புலத்தின் நடுவே உட்காரவைத்து அளந்தார்கள். இமை விழ, விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும். எழுவதற்கு ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு ஆகிறது. தூக்கிப் பிடிக்கும் தசை முதலில் ஓய்கிறது. அதன் பிறகே மூடும் தசை வேலையைத் தொடங்குகிறது.

எத்தனை முறை இமைக்கிறோம் என்பது வேறு கதை. எடின்பரோவில் பாண்டர், கென்னடி என்ற இருவர் இதை ஆராய்ந்து 1927-இல் வெளியிட்டார்கள். வெளிச்சமோ காற்றின் ஈரமோ அந்த எண்ணிக்கையைப் பெரிதாக மாற்றவில்லை. மனத்தின் பதற்றம்தான் மாற்றியது. படிக்கும்போது இமைப்பு குறையும். இதைப் படிக்கும் நீங்களும் இப்போது வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் இமைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பவணந்தியார் 'இயல்பு' என்று சொன்னது எவ்வளவு பொருத்தம்! அவர் கேட்டது நல்ல கண் மட்டுமல்ல, கலங்காத மனமும்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

தேவர்களுக்கு இமையவர் என்று பெயர். அவர்கள் கண் கொட்டுவதில்லை. சுயம்வர மண்டபத்தில் ஐந்து நளன்கள் நின்றபோது, கண் இமைத்தவனுக்கே தமயந்தி மாலையிட்டாள். நம் மொழியை அளந்ததும் அந்த மனிதக் கண்தான்.